மார்க்கா, சிபாரிசா? அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் விதம்

"நம்ம குடும்பத்துல வக்கீல் ஒருத்தர்கூட இல்லையே சித்தி, பெரிய ஃபர்ம்ல எனக்கு யார் வேலை தருவாங்க?"

சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அக்கா மகள் போனில் இப்படிக் கேட்டாள். நியூஜெர்சியில் வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் மென்பொருள் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது, மார்க் பட்டியலைச் சரிபார்ப்பது, நேர்காணலுக்கு நாள் குறிப்பது எல்லாம் என் வேலை. யாரை எடுப்பது என்று வழக்கறிஞர்கள் பேசும்போது அதே அறையில் இருந்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற பல தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கவலை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிபாரிசால் மார்க்கை மாற்ற முடியாது. ஆனால் அந்த மார்க்கை எப்படி வாங்குவது, எந்த மாதம் விண்ணப்பிப்பது என்பதை வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். குடும்பத் தொடர்பால் கிடைக்கிற பெரிய லாபம் அதுதான். பணமோ பதவியோ இல்லாதவர்களும் அதைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

முதலில் பெரிய நிறுவனம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் வழக்கறிஞர்கள் ஒரே பெயரின் கீழ் வேலை செய்யும் நிறுவனங்கள் இவை. வங்கிகள், மருந்துக் கம்பெனிகள், தொழில்நுட்பக் கம்பெனிகள்தான் கட்சிக்காரர்கள். புதிதாகச் சேர்பவர் 'அசோசியேட்', லாபத்தில் பங்கு பெறுபவர் 'பார்ட்னர்'. 2023 இறுதியிலிருந்து இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை முதல் வருட அசோசியேட்டுக்குக் கொடுக்கும் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 2,25,000 டாலர். சட்டப் படிப்பு மூன்று வருடம். பெயர்பெற்ற கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேலை கிடைத்தால் சில வருடத்தில் கடன் அடையும், கிடைக்காவிட்டால் கடன் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

முதல் வருடத்தின் கனம்

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதிதாகத் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. மூன்று வருடம் படித்தாலும், வேலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் வருட மார்க்தான்.

காரணம் கால அட்டவணை. பெரிய நிறுவனங்கள் படிப்பு முடிந்தவர்களை நேரடியாக எடுப்பது குறைவு. இரண்டாம் வருடம் முடிந்து வரும் கோடை விடுமுறையில் சுமார் பத்து வாரம் மாணவர்களைச் சம்பளத்துடன் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நிலைக்கு 'சம்மர் அசோசியேட்' என்று பெயர். ஒழுங்காக வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தக் கோடை முடிவில் நிரந்தர வேலைக்கான கடிதம் கிடைத்துவிடும். ஆக, உண்மையான வாசல் அந்தக் கோடை வேலைதான். அதற்கான தேர்வு முன்பெல்லாம் இரண்டாம் வருடம் தொடங்குவதற்குச் சற்று முன், ஆகஸ்ட் வாக்கில், கல்லூரி வளாகத்தில் நடக்கும். அப்போது மாணவர் கையில் இருப்பது இரண்டு செமஸ்டர் மார்க். சில ஆண்டுகளாக இது இன்னும் முன்னால் நகர்ந்துவிட்டது. வளாக நேர்காணலுக்குக் காத்திராமல் பல நிறுவனங்கள் வசந்த காலத்திலேயே நேரடி விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிடுகின்றன. அதாவது முதல் செமஸ்டர் மார்க் மட்டும் கையில் இருக்கும்போதே சிலருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது.

அந்த முதல் செமஸ்டர் எப்படிப்பட்டது? ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் (ஒருவரால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பது), உரிமையியல் நடைமுறை போன்ற பாடங்கள். வகுப்பில் தினமும் பழைய தீர்ப்புகளைப் படித்துவரச் சொல்லி, பேராசிரியர் திடீரென்று ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பார். அதைப் பார்த்து, தீர்ப்புகளை மனப்பாடம் செய்வதுதான் படிப்பு என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பாடங்களில் மார்க் வருவது செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே ஒரு தேர்விலிருந்து. மூன்று நான்கு மணி நேரத் தேர்வு. வினாத்தாளில் ஒரு கதை இருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். கடைக்காரர் வாசலில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்காமல் உள்ளே போய்விடுகிறார். கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு பெண் வழுக்கி விழுகிறார். தெருவில் போன ஒருவர் உதவ ஓடிவந்து தவறாகத் தூக்கியதில் தோள் மூட்டு விலகுகிறது. ஆம்புலன்ஸ் போகும் வழியில் இன்னொரு விபத்து. யார் யாருக்கு எவ்வளவு பொறுப்பு?

இந்தக் கதைக்குள் ஏழெட்டுச் சட்டப் பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, விதியைச் சொல்லி, கதையின் விவரங்களை அதோடு பொருத்தி, இரண்டு பக்க வாதத்தையும் எழுதவேண்டும். தீர்ப்பின் வரலாற்றை அழகாக எழுதி வைத்தால் மார்க் வராது. என் அனுபவத்தில், புத்திசாலிப் பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரில் சறுக்கியது இதனால்தான். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. எதற்கு மார்க் என்பது தேர்வு முடிந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். திருத்தும் பேராசிரியருக்கு அது யார் பிள்ளை என்று தெரியாது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இரண்டாவது, 'கர்வ்' என்று சொல்லப்படும் ஒப்பீட்டு முறை. வகுப்பின் சராசரி இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று கல்லூரியே நிர்ணயித்துவிடும். பல கல்லூரிகளில் அது 'பி பிளஸ்' பக்கம் இருக்கும். எல்லோரும் நன்றாக எழுதினாலும் எல்லோருக்கும் 'ஏ' கிடைக்காது. எண்பது பேர் உள்ள வகுப்பில் உங்கள் மார்க் சொல்வது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும்தான்.

எந்தக் கல்லூரி என்பதும் சேர்ந்தே வரும். கொலம்பியா, சிகாகோ, நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வகுப்பின் நடுவில் நிற்பவருக்கும் பெரிய நிறுவன வாய்ப்பு உண்டு. தரவரிசையில் கீழே உள்ள ஒரு மாநிலக் கல்லூரியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால்தான் அதே நிறுவனம் திரும்பிப் பார்க்கும். குறைந்தது இவ்வளவு மார்க் வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக ஒரு கோடு நிறுவனங்களின் மனத்தில் இருக்கும். அதை வெளியே சொல்ல மாட்டார்கள். கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முந்தைய வருடங்களின் கணக்கிலிருந்து ஓரளவு தெரியும், அங்கே போய் வெட்கப்படாமல் கேட்கலாம்.

யேலில் 1960களிலிருந்தே வழக்கமான மார்க் கிடையாது. சிறப்பு, தேர்ச்சி என்ற வகைகள்தான். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் பிற்பாடு ஏறக்குறைய அதே வழிக்கு வந்தன. மன அழுத்தம் குறையட்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் மார்க் மங்கலானால் வேறு அடையாளங்களின் எடை கூடிவிடும். எந்தப் பேராசிரியர் கடிதம் கொடுத்தார், எந்த நீதிபதியிடம் வேலை பார்த்தார், கல்லூரியின் சட்ட ஆய்விதழில் இடம் பிடித்தாரா என்று பார்க்கத் தொடங்குவார்கள். அந்த அடையாளங்களை எப்படிப் பெறுவது என்பது வழி தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். அதனால், தொடர்பு இல்லாத பிள்ளைக்கு எண் போட்டுத் திருத்தும் கறாரான மார்க்கே நண்பன் என்று நான் நம்புகிறேன்.

முன்பு எப்படி இருந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூயார்க்கில் சட்ட அலுவலகத்தில் சேர்வதென்றால் ஆள் தெரிந்திருக்கவேண்டும். நண்பரின் மகன், கட்சிக்காரரின் மருமகன் என்று வருவார்கள். சம்பளமே இல்லாமல் குமாஸ்தாவாக இருந்து தொழில் கற்றுக்கொள்வார்கள். சம்பளம் இல்லாமல் காலம் தள்ள வசதியான வீட்டுப் பிள்ளையால்தானே முடியும்?

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பால் க்ரவாத். 1899இல் ஒரு நியூயார்க் நிறுவனத்தில் சேர்ந்த இவர், பிறகு அதன் தலைவரானார். இன்றைக்கு அந்த நிறுவனம் க்ரவாத், ஸ்வெய்ன் அண்ட் மூர். நல்ல கல்லூரிகளிலிருந்து உயர்ந்த மார்க் வாங்கியவர்களைப் படிப்பு முடிந்ததும் எடுப்பது, சம்பளம் கொடுப்பது, பல வருடம் பயிற்சி தருவது, தேறியவர்களைப் பார்ட்னராக்குவது, மற்றவர்களை வெளியே அனுப்புவது. இதுதான் 'க்ரவாத் முறை'. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. மார்க் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

ஆனால் அந்த மார்க் எல்லோருக்கும் ஒரே மாதிரி செல்லுபடியாகவில்லை. வில்லியம் கோல்மன் 1946இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்குச் சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நிறுவனமும் வேலை தரவில்லை. கடைசியில் நியூயார்க்கில் பால், வெய்ஸ் நிறுவனம் 1949இல் எடுத்துக்கொண்டது.

சாண்ட்ரா டே ஓ'கானர் 1952இல் ஸ்டான்ஃபோர்டில் வகுப்பின் முன்வரிசையில் தேறியவர். கல்லூரித் தோழி ஒருத்தியின் அப்பா லாஸ் ஏஞ்சலஸில் பெரிய நிறுவனம் ஒன்றில் பார்ட்னர். தோழி மூலம் அங்கே நேர்காணல் வாங்கினார். மார்க் இருந்தது, சிபாரிசும் இருந்தது. பெண் வழக்கறிஞரைக் கட்சிக்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி, தட்டச்சு நன்றாகத் தெரிந்தால் செயலாளர் வேலை பார்க்கலாம் என்றார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், முதலில் சம்பளமே இல்லாமல், வேலைக்குச் சேர்ந்தார். 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். இந்தக் கதையை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும். அவர் மேலே வந்துவிட்டார், சரி. அதே மாதிரி திருப்பி அனுப்பப்பட்டு அப்படியே வீட்டோடு இருந்துவிட்ட பெண்களின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை.

பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் கதையில் சிபாரிசின் இன்னொரு முகம் தெரியும். 1959இல் கொலம்பியாவில் இன்னொருவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நியூயார்க்கில் ஒரு நிறுவனமும் அவருக்கு வேலை தரவில்லை. அவர் பேராசிரியர் ஜெரால்டு கந்தர்தான் பால்மியெரி என்ற நீதிபதியிடம் விடாமல் பேசினார். இவரை எடுத்துக்கொள்ளாவிட்டால் இனி கொலம்பியாவிலிருந்து யாரையும் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று சொல்லுமளவுக்குப் போனார். வேலை கிடைத்தது. குடும்பத்தில் ஆள் இல்லாதவருக்கு ஆசிரியர் ஆளாக நின்றார். மார்க் இல்லாமல் கந்தரும் பேசியிருக்க முடியாது, கந்தர் பேசாமல் மார்க்கும் எடுபட்டிருக்காது.

இன்றைக்குத் தொடர்பு எங்கே வேலை செய்கிறது

பார்ட்னரின் மகனை அதே நிறுவனத்தில் எடுப்பதைச் சில பெரிய நிறுவனங்கள் விதி போட்டே தடுக்கின்றன. விதி இல்லாத இடத்திலும், மார்க் கோட்டுக்கு வெகு கீழே இருக்கும் ஒருவரை அப்பா பெயருக்காக உள்ளே கொண்டுவருவது கஷ்டம். ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். மார்க்கில் வித்தியாசம் நூலளவு. அங்கேதான் "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், ஒருமுறை பேசிப் பாருங்கள்" என்ற ஒரு மின்னஞ்சல், குவியலின் நடுவில் இருந்த விண்ணப்பத்தை மேலே எடுத்து வைக்கும். நான் அப்படி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மின்னஞ்சல் வேலை வாங்கித் தராது, இருபது நிமிட நேர்காணலை வாங்கித் தரும்.

நேர்காணலில் மார்க் பற்றிப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அது ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இவரோடு இரவு பன்னிரண்டு மணிவரை ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா, கட்சிக்காரர் முன் உட்கார வைக்கலாமா என்று பார்ப்பார்கள். சிறுவயதிலிருந்து அப்பாவின் வக்கீல் நண்பர்களோடு சாப்பாட்டு மேசையில் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது சாதாரணப் பேச்சு. பெரியவர்கள் முன் அடக்கமாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிய பாஷை. அடக்கத்தை ஆர்வமின்மை என்று குறித்துக்கொண்ட ஒரு நேர்காணல் தாளை நானே பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது. பயிற்சியால் சரிசெய்யக்கூடிய விஷயம் என்பதால் இன்னும் வருத்தம்.

முதல் வருடக் கோடைக்கு என்ன வேலை பார்ப்பது என்பதிலும் தொடர்பு உதவும். அந்தக் கோடைக்குப் பெரிய நிறுவன இடங்கள் மிகக் குறைவு. தெரிந்தவர் அலுவலகத்தில் ஒரு வேலை வாங்கிவிட்டால் அடுத்த விண்ணப்பத்தில் எழுத ஏதாவது இருக்கும். ஆனால் ஒரு நீதிபதியிடம் ஊதியமில்லாமல் வேலை பார்த்தாலும் அதே பலன் உண்டு, அதற்குக் கடிதம் எழுதிக் கேட்டால் போதும்.

சின்ன ஊர்களின் நடுத்தர நிறுவனங்களில் கதை வேறு. அங்கே உள்ளூர்க் குடும்பங்கள்தான் கட்சிக்காரர்கள். ஊரில் வேர் உள்ளவரைத்தான் தேடுவார்கள், மார்க்குக்கு இரண்டாம் இடம்தான்.

கட்சிக்காரரின் பிள்ளைக்கு வேலை கொடுப்பதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. வங்கித் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். வியாபாரம் கிடைக்கும் என்று சீன அதிகாரிகளின், வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததற்காக, ஜே.பி. மோர்கன் 2016இல் சுமார் 26.4 கோடி டாலர் செலுத்தி அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டது. வெளிநாட்டு அதிகாரியின் பிள்ளைக்குத் தரும் வேலையும் லஞ்சமாகக் கருதப்படலாம் என்பதைப் பல நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் அதிலிருந்து கவனத்தில் வைத்திருக்கின்றன.

தொடர்பின் முழு பலம் தெரிவது சேர்ந்து எட்டு, பத்து வருடம் கழித்து, பார்ட்னராகும் சமயத்தில். அப்போது முதல் வருட மார்க்கை யாரும் கேட்பதில்லை. எந்தக் கட்சிக்காரரை நீ கொண்டுவருவாய் என்று கேட்பார்கள். மாமா ஒரு கம்பெனியின் இயக்குநர் என்றால் அது அங்கே உதவும். அதற்குள் நம் பிள்ளைக்கும் பத்து வருட அறிமுகங்கள் சேர்ந்திருக்கும். கூடப் படித்தவர்களே கம்பெனிகளின் சட்டப் பிரிவுகளில் மேலே வந்திருப்பார்கள்.

இந்தியாவில் சட்டம் முடித்துவிட்டு ஒரு வருட எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் படிப்பு) படிக்க வருபவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்களை எடுக்கும் வழி தனி, இடங்களும் மிகவும் குறைவு. இந்திய வேலை அனுபவத்தைத்தான் அங்கே அதிகம் பார்ப்பார்கள்.

வக்கீல் இல்லாத வீடு

அக்கா மகளுக்கு நான் சொன்ன பெயர் ஸ்ரீ ஸ்ரீனிவாசன். சண்டிகரில் பிறந்தவர், கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா கணிதப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் சட்டமும் நிர்வாகமும் சேர்த்துப் படித்து 1995இல் முடித்தார். வகுப்பின் முன்வரிசைக்குத் தரப்படும் 'ஆர்டர் ஆஃப் தி காய்ஃப்' கௌரவம் பெற்றவர். பிறகு அவர் உதவியாளராக வேலை பார்த்தது உச்ச நீதிமன்றத்தில், ஓ'கானரிடம். ஆமாம், தட்டச்சு தெரியுமா என்று கேட்கப்பட்ட அதே ஓ'கானரிடம்தான். ஓ'மெல்வெனி அண்ட் மையர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தில் பார்ட்னரானார். 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக அவரை செனட் 97 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் ஏற்றது.

"அவர் ரொம்பப் பெரிய ஆள் சித்தி, நான் இப்போ என்ன பண்ணணும்?" என்றாள். நியாயமான கேள்வி. பேராசிரியர்களின் பழைய வினாத்தாள்களைப் பல கல்லூரி நூலகங்கள் மாணவர்களுக்காக வைத்திருக்கும், அதை முதல் மாதமே எடு என்றேன். அக்டோபருக்குள் ஒவ்வொரு பாடத்துக்கும் உன் கையால் ஒரு சுருக்கக் குறிப்பு போடு. இரண்டாம் வருட மாணவர்களிடம் போன வருடக் குறிப்பைக் கேள், தருவார்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்துக்குப் போ, சும்மா முகம் காட்ட வேண்டாம், எழுதிப் பார்த்த விடையைக் கையில் கொண்டு போ. தென்னாசிய வழக்கறிஞர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளை உண்டு, கூட்டங்களுக்குப் போய் நிறுவனங்களில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களிடம் பேசு. பெரிய பார்ட்னரைவிட அவர்களுக்குத்தான் இந்த வருட நிலவரம் தெரியும். நேர்காணலுக்கு முன் என்னோடு பத்து தடவையாவது பேசிப் பழகு.

அவளுடைய முதல் தேர்வு டிசம்பர் இரண்டாம் வாரம், ஒப்பந்தச் சட்டம். பழைய வினாத்தாள் மூன்றை நேரம் வைத்து எழுதிப் பேராசிரியரிடம் காட்டிவிட்டாள். எதிர்த்தரப்பு வாதத்தைச் சரியாக எழுதவில்லை என்று முதல் தாளில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாராம். மூன்றாவதில் இரண்டு இடத்தில்தான் சிவப்பு. நான்காவதை வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறாள்.